ஒரே ஜன்னல், இரண்டு வெளிச்சம்

பள்ளிகொண்டா
8-7-1981

அன்பு மகள் ராஜத்துக்குப் பெரியம்மாவின் ஆசீர்வாதம்.

நானும் இல்லத்துப் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். பொங்கலுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி கூட இல்லை. ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில் கடலா கிடக்கிறது? மாப்பிள்ளை அந்தோணி காலமான பிறகு ஸ்டூடியோவை நீ தனியாகத்தான் இழுத்துக்கொண்டு போகிறாய், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் வளர்த்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பு வேண்டாமா? எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இரண்டு கண்ணிலும் புரை. பெருமழை தொடங்குவதற்கு முன்னால் வேலூரில் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

வெளிநாட்டுப் புரவலர்களுக்கு அனுப்பப் பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டும். போன வருடம் நீ எடுத்த படங்களைப் பற்றி மதராஸ் ஆபீசில் குறை சொன்னார்கள். எல்லாம் கொழுகொழு என்று சிரிக்கின்றனவாம். சிரிக்கிற பிள்ளைக்கு யார் உதவி செய்வார்கள், நீயே சொல்? இந்த முறை விளக்கை உச்சிக்கு மேலே வை, கன்னத்தில் நிழல் விழட்டும். நீ ஸ்டூல் மேல் ஏறி நின்று எடு, பிள்ளை சின்னதாகத் தெரியும். அப்புறம், கண்ணில் விளக்கு பட்டு ஒரு வெள்ளைப் புள்ளி விழுகிறதே, அது இருந்தால் பிள்ளை சந்தோஷமாக இருக்கிற மாதிரித் தெரிகிறதாம். அதை எடுத்துவிடு. உன் கைக்கு அது பெரிய வேலை இல்லை.

வரும்போது என்னையும் ஒரு படம் எடு. வருகிற மார்ச்சில் இல்லத்துக்கு வெள்ளி விழா. கூடத்தில் மாட்ட வேண்டுமாம். சுருக்கமெல்லாம் கொஞ்சம் கம்மியாகத் தெரிகிற மாதிரி பார்த்துக்கொள்.

உன் பெரியம்மா
பங்கஜம்

&nbsp;

ஆம்பூர்
9-8-1981

பெரியம்மா அவர்களுக்கு ராஜம்மாளின் வணக்கம்.

படங்களை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். நீங்கள் கேட்டபடியே வந்திருக்கின்றன. விளக்கை உச்சியில் கட்டினேன். ஸ்டூல் மேல் ஏறினேன். கண்ணில் இருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து அணைத்தேன். இன்னொரு கரண்டி குழம்புக்காகத் தட்டைத் தூக்கிக்கொண்டு சண்டை போட்ட பிள்ளைகள், படத்தில் பல நாள் பட்டினி கிடந்த மாதிரி இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் பார்த்தால் அழுதே விடுவான். உங்களுக்குத் திருப்திதானே?

இங்கே ரம்ஜான் பெருநாள் முடிந்து இப்போதுதான் மூச்சு விடுகிறேன். புதுச்சட்டை போட்ட பிள்ளைகள் தெரு வரைக்கும் நின்றார்கள். ஷூ கம்பெனி சூப்பர்வைசர் இஷ்தியாக் அகமது பாயின் மகளுக்கு மாறுகண். வருஷா வருஷம் நான்தான் அதை நேராக்குகிறேன். நெகடிவில் கருவிழிக்கு ஒரு பக்கம் பென்சிலால் மூட வேண்டும், இன்னொரு பக்கம் பிளேடு நுனியால் சுரண்ட வேண்டும். கருவிழி நகர்ந்து வந்து நடுவில் உட்கார்ந்துவிடும். பாய் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, டாக்டருங்கல்லாம் கைய விரிச்சிட்டாங்க, நீ பென்சில்லயே முடிச்சிட்டியே!" என்று சிரிக்கிறார். 

உங்களைச் சாப்பாட்டுக் கூடத்து ஜன்னல் பக்கம் உட்கார வைத்து எடுத்தேனே, அந்தப் படமும் நன்றாக விழுந்திருக்கிறது. இன்னும் அதில் கை வைக்கவில்லை. அந்த ஜன்னல் எனக்கும் பழக்கம்தான். மறந்திருக்க மாட்டீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். பந்தியில் தன் தம்பிக்கு முள் எடுத்து மீன் ஊட்டிக்கொண்டிருந்ததே ஒரு பெண், அவனை இடுப்பை விட்டு இறக்கவே இல்லை. அது யார் பிள்ளை?

தங்கள் மகள்
ராஜம்மாள்

&nbsp;

பள்ளிகொண்டா
25-8-1981

அன்பு மகள் ராஜத்துக்கு,

படங்கள் ஆபீசுக்கு ரொம்பப் பிடித்துவிட்டன. உன் கை பொன்னான கை என்று நான் எப்போதும் சொல்வேன்.

நீ கேட்ட பெண் வேணி. கமலவேணி. ஏழு வயது. அந்தப் பொடியன் அவள் தம்பி கோபால், மூன்று வயது. தகப்பன் உங்கள் ஊர்த் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவன். அவன் போனான், பின்னாலேயே தாயும் போய்விட்டாள். சித்தப்பன் ஒருத்தன் இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை.

நல்ல சேதி ஒன்று. சுவீடன் தேசத்துத் தம்பதி ஒரு பிள்ளையைத் தத்து கேட்கிறார்கள். கோபாலைத்தான் மனதில் வைத்திருக்கிறேன். சிவப்பு நிறம், சுருட்டை முடி, யாருக்கும் பிடிக்கும். அவனை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து நல்ல வெளிச்சத்தில் எடு. கூடப் பிறந்தவர்கள் இருந்தால் எல்லோர் படமும் அனுப்ப வேண்டும் என்று ஆபீசில் ஒரு சட்டம். அதற்காக வேணிக்கும் ஏதாவது ஒன்று எடுத்துப் போடு. கருப்பு, வளர்ந்த பெண், அவளை யார் கேட்கப் போகிறார்கள்? மேல் லைட்டே போதும்.

உன் பெரியம்மா
பங்கஜம்

&nbsp;

ஆம்பூர்
2-9-1981

பெரியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் இருந்த பாலை மறந்துபோனேன். பொங்கி வழிந்து ஸ்டவ் அணைந்த பிறகுதான் நினைவு வந்தது.

"மேல் லைட்டே போதும்." இதே வார்த்தையை ஒருமுறை கேட்டிருக்கிறேன். எனக்கு ஏழு வயது, சம்பத்துக்கு மூன்று. இல்லம் தொடங்கிய வருடம். அதே ஜன்னல். படம் எடுத்தவர் பின்னால் எனக்கு மாமனார் ஆனவர். நீங்கள் அவர் பக்கத்தில் நின்று, "பையன வெளிச்சத்துப் பக்கம் திருப்புங்க, தலைய வாரி வுடுங்க. பொண்ணுக்கு மேல் லைட்டே போதும்" என்றீர்கள். அழுத முகம் வேண்டும் உங்களுக்கு. நான் அழவில்லை. நீங்கள் என் காதுக்குக் குனிந்து, "உன் தம்பிய அனுப்பிடப் போறோம்டி" என்றீர்கள். உடனே அழுதேன். படமும் நன்றாக வந்தது.

அழவைக்கச் சொன்ன பொய் என்றுதான் நினைத்தேன், பெரியம்மா. கார் வந்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அவனுக்காகக் கடிக்காமல் வைத்திருந்த கமர்கட்டோடு சாயங்காலம் இல்லம் முழுக்கத் தேடினேன். "தூங்குறான், நாளைக்குப் பாக்கலாம்" என்றீர்கள். எங்கே போனான் என்று இன்று வரை சொல்லவில்லை. இப்போது எதிரில் வந்து நின்றாலும் எனக்கு அவனைத் தெரியாது.

அந்த இரண்டு நெகடிவும் என் ஸ்டூடியோவில் இருக்கின்றன. அவன் கண்ணில் ஜன்னல் முழுசாகத் தெரிகிறது. என் கண்ணில் ஒன்றும் இல்லை. ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே மத்தியானம். ஒரு விளக்கை நகர்த்தி எங்களைப் பிரித்தீர்கள்.

நான் உங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இப்போது கெஞ்சிக் கேட்கிறேன். வேணியையும் கோபாலையும் சேர்த்துக் கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் இரண்டும் அங்கேயே ஒன்றாக வளரட்டும். பிரிக்காதீர்கள்.

தங்கள் மகள்
ராஜம்மாள்

&nbsp;

பள்ளிகொண்டா
10-9-1981

ராஜத்துக்கு,

உன் கடிதத்தைப் புரை விழுந்த கண்ணோடு எழுத்துக் கூட்டிப் படித்தேன். இவ்வளவு விஷத்தையா இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்துக்கொண்டு என் காலில் விழுந்து கும்பிட்டாய்?

இரண்டு பேருக்கும் சேர்ந்து திறக்கிற கதவு எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. ஒருத்தனுக்குத் திறந்தால் அவனையாவது உள்ளே தள்ளிவிடுவேன். அதுதான் என் வேலை. சம்பத் எங்கோ நன்றாக இருக்கிறான். நீயும் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. உன்னைப் படிக்க வைத்து, அந்தோணி வீட்டுக்குக் கட்டிக் கொடுத்தவள் நான்.

படம் எடுப்பது உன் வேலை. யார் போக வேண்டும் என்பது உன் வேலை இல்லை. முடியாது என்றால் சொல், வேலூரில் ஸ்டூடியோவுக்கா பஞ்சம்?

பங்கஜம்

&nbsp;

ஆம்பூர்
28-9-1981

பெரியம்மா அவர்களுக்கு,

ஏதோ மனது சரியில்லாமல் அப்படி எழுதிவிட்டேன். பெரிசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வாரம் உங்களுக்கு ஆபரேஷன் என்று சொன்னீர்களே, ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று நாள் நான் வந்து கூட இருக்கட்டுமா?

படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னபடி கோபாலை ஜன்னல் பக்கம் உட்கார வைத்துத்தான் எடுத்தேன். ஒரு விஷயம். அவனுக்கு இடது கண் மூக்குப் பக்கமாக இழுக்கிறது. உங்களுக்குப் புரை, கவனித்திருக்க மாட்டீர்கள். கேமரா பொய் சொல்லாது அல்லவா, அப்படியே விழுந்துவிட்டது. நேராக்கிக் கொடுத்திருப்பேன், ஆனால் நாளைக்கு அவர்கள் நேரில் பார்த்துவிட்டு உங்களை ஏமாற்றுக்காரி என்று சொல்லிவிடக் கூடாதே. உள்ளதை உள்ளபடி அனுப்புவதுதான் உங்களுக்கு மரியாதை.

வேணிக்கு மட்டும் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அதே ஜன்னலில் உட்கார வைத்தேன். கருப்பு முகத்துக்குப் பக்கத்திலிருந்து வெளிச்சம் கொடுத்தால் பவுன் மாதிரி மின்னும், இது பல பேருக்குத் தெரியாது. எதிர்ப் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி வெளிச்சத்தைத் திருப்பினேன். நான் தரையில் உட்கார்ந்து அவள் கண் மட்டத்திலிருந்து எடுத்தேன். எவ்வளவு சொல்லியும் உம்மென்று இருந்தாள். கோபாலைக் கூப்பிட்டுக் கேமராவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நிற்க வைத்தேன். அவனைப் பார்த்ததும் சிரித்தாள் பாருங்கள், நான் இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை. பென்சிலே தேவைப்படவில்லை. எனக்கு யாரும் வைக்காத வெளிச்சம், அவளுக்காவது இருக்கட்டும் என்று வைத்தேன். 

தங்கள் மகள்
ராஜம்மாள்

&nbsp;

பள்ளிகொண்டா
14-12-1981

அன்பு மகள் ராஜத்துக்கு ஆசீர்வாதம்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. சோடா பாட்டில் அடி மாதிரி கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள், ஆனால் கூடத்துச் சுவரில் ஊர்கிற எறும்பு கூடத் தெரிகிறது. ஆபீசுக்கு அனுப்ப வேண்டிய படங்களை நான் கண்ணாடி போடும் வரை பீரோவில் வைத்திருந்தேன். பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

சுவீடனிலிருந்து பதில் வந்துவிட்டது. பையனுக்குக் கண்ணில் குறை இருப்பதால் தங்களால் பார்த்துக்கொள்ள முடியுமோ என்று தயங்குகிறார்களாம். ஆனால் பெண்ணின் படத்தைப் பார்த்து அந்த அம்மாள் அழுதுவிட்டாளாம். இப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததே இல்லை, இவள்தான் எங்கள் மகள் என்று எழுதியிருக்கிறார்கள். வேணி போகிறாள். ஜனவரியில் ஆள் வருகிறது.

உன் கை பொன்னான கை. 

உன் பெரியம்மா
பங்கஜம்

&nbsp;

ஆம்பூர்
17-12-1981
எக்ஸ்பிரஸ் தபால்

பெரியம்மா,

நிறுத்துங்கள். கோபாலுக்கு மாறுகண் இல்லை. நான்தான் வரைந்தேன். ஒரு பக்கம் பென்சில், ஒரு பக்கம் பிளேடு. இஷ்தியாக் பாய் மகளுக்குச் செய்வதைத் திருப்பிப் போட்டுச் செய்தேன். அவனை யாரும் கேட்கக் கூடாது, அக்காவோடே இருக்கட்டும் என்று செய்தேன். உங்கள் கணக்கு ஒரு தடவையாவது தப்ப வேண்டும், நீங்கள் முழிக்க வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும் என்றும் செய்தேன். இரண்டும்தான்.

வேணியைக் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்னை யாரும் கேட்டதில்லையே.

கை வைக்காத இன்னொரு படமும், இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிற படமும் இத்துடன் வைத்திருக்கிறேன். இவற்றை உடனே அவர்களுக்கு அனுப்புங்கள். போட்டோக்காரி ஏமாற்றிவிட்டாள் என்று எழுதுங்கள், என் பெயரைப் போட்டே எழுதுங்கள். இருவரையும் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஒருத்தரையும் அனுப்பாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக்கொள்கிறேன். 

ராஜம்

&nbsp;

பள்ளிகொண்டா
20-1-1982

ராஜத்துக்கு,

நீ போன வாரம் வந்து கேட்டுக்கு வெளியே நின்று கத்தியது உள்ளே எனக்குக் கேட்டது. கதவைத் திறக்க வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் நான்தான் சொன்னேன். பிள்ளைகள் பயந்துவிடும்.

வேணி நேற்றுப் போய்விட்டாள்.

புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் முதலில் பார்த்தது உன் படத்தைத்தான். கோபால் என் எதிரிலேயே பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான். படத்தைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன். ஒரு நொடியில் புரிந்துவிட்டது. என்னைக் குருடி என்று நினைத்துத்தானே அனுப்பினாய்? திருப்பி அனுப்பி வேறு படம் கேட்டிருக்கலாம். செய்யவில்லை. இருபத்து நாலு வருஷம் என்னைக் கொலைகாரி மாதிரி மனதில் வைத்திருந்தவள், ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுப்பது எப்படி இருக்கும் என்று ஒருமுறை தானே செய்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். நீ கொடுத்ததை நீ கொடுத்தபடியே அனுப்பினேன். எக்ஸ்பிரஸில் நீ பின்னால் அனுப்பிய படங்கள் பீரோவிலேயே இருக்கின்றன.

யார் போகக் கூடாது என்று நினைத்தாயோ, அவன் போகவில்லை. யாருக்கு வெளிச்சம் வைத்தாயோ, அவள் போனாள். தேர்ந்தெடுத்தது நீ. நான் தபால் தலை மட்டும்தான் ஒட்டினேன்.

பையன் சோறு தின்ன மாட்டேன் என்கிறான். ஆபீசில் அவன் பெயருக்கு எதிரில் மாறுகண் என்று எழுதியாகிவிட்டது, இனி அவனை யாரும் கேட்க மாட்டார்கள். வேண்டுமானால் வந்து அழைத்துக்கொண்டு போ.

வெள்ளி விழாவுக்கு என் படத்தை மறக்காமல் அனுப்பிவிடு.

பங்கஜம்

&nbsp;

ஆம்பூர்
5-3-1982

பங்கஜம் அம்மாள் அவர்களுக்கு,

கோபால் என்னிடம் சுகமாக இருக்கிறான். முதலில் சாப்பாட்டுக்கு ரொம்பப் பேஜார் பண்ணினான். இப்போது மீனில் முள் எடுத்துக் கொடுத்தால் சாப்பிடுகிறான். எடுத்துவிட்டேனா என்று தட்டை இரண்டு முறை பார்க்கிறான். அக்கா எடுத்தால் பார்க்க மாட்டானாம்.

வேணியின் படத்தைப் பெரிசாகப் போட்டு ஷோகேசில் வைத்திருக்கிறேன். பிரியாணிக் கடைக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். கோபால் அதற்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்திருப்பான். பக்கத்து வீட்டு வஹீதா ஒருநாள், "டேய், இன்னாடா எப்பப் பாத்தாலும் அதையே பாத்துக்கினு இருக்க?" என்று கேட்டாள். "நான் பாக்கல. அக்காதான் என்னப் பாக்குது" என்றான். பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். வேணியின் கண்ணில் விழுந்திருக்கிற வெளிச்சத்தில் ஜன்னல் தெரிகிறது. ஜன்னலுக்குள் பொட்டு மாதிரி ஒரு சின்ன நிழல், சுருட்டை முடியோடு. அவன்தான். அவனைப் பார்த்துத்தானே அவள் சிரித்தாள்! அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் சுவீடன்காரி அழுதாள். தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் மாட்டியிருப்பாள். 

நீங்கள் எழுதியது சரிதான். உங்களைப் பழிவாங்கப் போய் அந்தப் பெண்ணை நான்தான் அனுப்பினேன். அதைச் சாகும் வரைக்கும் நான் சுமப்பேன், உங்களிடம் பங்கு கேட்க மாட்டேன். ஆனால் நீங்கள் கண் தெரிந்து அனுப்பினீர்கள். அதையும் நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். இனி நமக்குள் கடிதம் வேண்டாம்.

வெள்ளி விழாவுக்குக் கேட்ட உங்கள் படம் தயார். ஃபிரேம் போட்டு ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பெரிய வேலை, ஆனாலும் பொறுமையாகச் செய்தேன். நெற்றிச் சுருக்கம், வாய் ஓரத்துச் சுருக்கம் எல்லாம் எடுத்துவிட்டேன். பத்து வயது குறைந்திருக்கிறீர்கள். சாப்பாட்டுக் கூடத்தில், அந்த ஜன்னலுக்கு எதிரே மாட்டுங்கள், பிள்ளைகள் தினமும் பார்க்கட்டும்.

ஜன்னல் வெளிச்சம் உங்கள் இரண்டு கண்ணிலும் அழகாக விழுந்திருந்தது. அந்தப் புள்ளிகளை மட்டும் எடுத்துவிட்டேன். நீங்கள் சொல்லிக் கொடுத்த வேலைதான்.

ராஜம்மாள்